பஞ்சுக்கு வாய்த்த காவல்

பஞ்சைத் தீயிலிருந்து காப்பதில் எங்கள் மில் நிர்வாகத்துக்கு ஈடு இணை கிடையாது. முகத்துக்காகச் சொல்லும் பேச்சல்ல இது. தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவர்களிடம் இனி எனக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. பல்லடம் வட்டாரத்தில் இருக்கும் அந்த நூற்பாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பாராட்டுக்குத் தகுதியான ஆலைகள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் என்று பரவிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் நியாயமாகாது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் செக்யூரிட்டி தடவிப் பார்த்துத்தான் விடுவார். சட்டைப் பை, பேன்ட் பை, சாப்பாட்டுப் பை ஒன்றும் தப்பாது. தீப்பெட்டி, லைட்டர், பீடிக்கட்டு, சிகரெட் எதுவாக இருந்தாலும் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்கென்று தடுப்புத் தடுப்பாகச் செய்த மர அலமாரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடுப்புக்கும் எண். கையில் ஒரு டோக்கன். எட்டு மணி நேரம் கழித்து வெளியே வருகிறவர் டோக்கனைக் கொடுத்தால் அவருடைய பீடிக்கட்டு அவருக்கே வந்துசேரும். ஒருவருடைய கட்டு இன்னொருவரிடம் மாறிப்போனது என்றோ, ஒரு பீடி குறைந்தது என்றோ நான் இருந்த காலத்தில் ஒரு புகார்கூட எழுந்ததில்லை. தொழிலாளியின் பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும் இடத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ப்ளோ ரூமில் காவல் இன்னும் கடுமை. பேலிலிருந்து பிய்த்தெடுத்த பஞ்சு குழாய் வழியே காற்றோடு பறந்து போகும். அந்தக் குழாயில் தீப்பொறியைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். பஞ்சோடு வந்த ஆணித்துண்டு பீட்டரில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். கண் இமைப்பதற்குள் தடுப்புப் பலகை திரும்பி அந்தப் பஞ்சைத் தனித் தொட்டியில் தள்ளிவிடும், மெஷின் நின்றுவிடும், மணி அடிக்கும். பஞ்சில் பிடித்த தீ உடனே வெளியே தெரியாது என்பதால்தான் இத்தனை ஏற்பாடு. பேலின் நடுவில் நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். புகை தெரியும்போது குடோன் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே எங்கள் நிர்வாகம் புகை தெரியும்வரை காத்திருப்பதில்லை. உள்ளே கனன்றுகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது இருக்கும் என்று அறிந்து, முன்கூட்டியே பணம் செலவழிக்கிறது. இந்த முன்யோசனையை மனதார மெச்சுகிறேன். முன்யோசனை இல்லாத நிர்வாகம் என்று இனி யாரும் இவர்களைச் சொல்ல முடியாது; நானும் சொல்லமாட்டேன்.

மனிதர்களை மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் வேலை செய்யும் இடத்தையும் பொது இடமாகவே கருதுகின்றன. அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். அறிவிப்புப் பலகை குறைந்தது 60க்கு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மில்லில் எல்லாப் பலகையும் அதைவிடப் பெரிதாகவே இருந்தது. யாரிடம் புகார் செய்வது என்ற பெயரும் பதவியும் தெளிவாக எழுதியிருந்தது. எந்த இன்ஸ்பெக்டர் எந்த நாளில் வந்தாலும் குறை காண முடியாது.

மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. பகல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். எச்.ஆர். மேனேஜர் உறுதிமொழியை ஒவ்வொரு வரியாக வாசிக்க, மற்றவர்கள் கையை நீட்டித் திருப்பிச் சொல்வார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களும் தமிழிலேயே திருப்பிச் சொல்வார்கள். பிறகு மோர். பிறகு போட்டோ. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போது காட்டுகிற ஃபைலில் அந்தப் போட்டோ முதல் பக்கத்தில் இருக்கும். மறுநாள் காலை உறுதிமொழி எடுத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு ஃபைலில் இடம் கிடையாது. ஆனால் போட்டோ மிகத் தெளிவாக இருக்கும்.

அந்தப் பையன்களில் பலர் புகைப்பதே இல்லை. கைனியை உள்ளங்கையில் தேய்த்து உதட்டுக்கடியில் அதக்கிக்கொள்வார்கள். 2016-17ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் புகைப்போர் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை போடுவோர் 21.4 சதவீதம், சரியாக இருமடங்கு. கைனி பஞ்சைக் கொளுத்தாது. ஆகவே கேட்டில் அதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. துப்பிய கறை நூலில் ஏறினால் மட்டும் உடனே நடவடிக்கை உண்டு. பஞ்சில் கலந்த வேற்றுப் பொருளைப் பிடிக்கக் கேமரா வைத்த மெஷினே வாங்கியிருக்கிறார்கள். நூல் சுத்தமாக இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் நூலில் தெரியாது.

உறுதிமொழி நாளன்று ஒட்டும் போஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்ட் பேப்பரில் நுரையீரல் படம் போட்டு அச்சிட்டது. கீழே 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண். உண்மையிலேயே நல்ல எண் அது. 2016ல் டெல்லியில் தொடங்கிய சேவை. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸிலும் மையம் வைத்தார்கள். விடவேண்டும் என்று நினைப்பவரோடு பொறுமையாகப் பேசி, ஒரு தேதி குறிக்கச் சொல்லி, பின்னால் கூப்பிட்டும் விசாரிப்பார்கள். எங்கள் மில்லில் அந்தப் போஸ்டரை ரிங் ஃபிரேம் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சிகரெட் பாக்கெட்டிலும் 2018 செப்டம்பர் முதல் இதே எண் அச்சாகிறது. ஆனால் எங்கள் ஆட்கள் பாக்கெட் வாங்குகிறவர்கள் அல்ல. கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் உதிரியாக ஒன்று வாங்கி, அங்கே தொங்கும் லைட்டரிலேயே பற்றவைத்துக்கொள்வார்கள். எண் போட்ட பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடும். ஆகவே அந்த எண்ணைத் தூணில் பார்த்து, மனப்பாடம் செய்து, ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, கடையைத் தாண்டிப் போய், கூப்பிட வேண்டும். அப்படிப் படித்து வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்த மட்டில் நன்றி.

கார்டிங்கில் ஒரு ஃபிட்டர். நாற்பத்தொரு வயது. நல்ல வேலைக்காரர், சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு மே 31ல் அந்த உறுதிமொழியை வாயோடு விடாமல் நெஞ்சிலும் வாங்கிக்கொண்டவர் அவர். அடுத்த வாரம் லேபுக்கு ஸ்லைவர் சாம்பிள் கொண்டுவந்தபோது முகமே வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

“மூணு நாளு தொடவே இல்லீங்க சார். நாலாவது நாளு ஃபுல் நைட்டுக்கு மாத்திப்போட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கையெல்லாம் நடுங்குது. பக்கத்துல நின்ன பையனை வாய்க்கு வந்தபடி வைதுபோட்டேன். காலைல வெளிய வந்ததும் காலு தானா அந்தக் கடைக்குப் போயிருச்சுங்க.”

அவருடைய சூப்பர்வைசர் தோளில் தட்டி, “மனசு உறுதியா இருந்தா விட்டுடலாம்ப்பா” என்றாராம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் நிர்வாகம் மேலிருந்து கீழ்வரை தொழிலாளியின் மன உறுதியில் அசைக்க முடியாத நம்பிக்கை வைத்திருக்கிறது. தீப்பெட்டி கொண்டுவரமாட்டார் என்று அவரை நம்புவதில்லை, தடவிப் பார்க்கிறது. நேரத்துக்கு வருவார் என்று நம்புவதில்லை, விரல்ரேகை வைக்கச் சொல்கிறது. மெஷினை நிறுத்தாமல் ஓட்டுவார் என்று நம்புவதில்லை, ஒவ்வொரு நிமிஷ நிறுத்தத்தையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. நிகோடினைத் தன்னந்தனியாக ஜெயித்துவிடுவார் என்பதை மட்டும் முழுமனதாக நம்புகிறது. ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை அந்தக் காம்பவுண்டுக்குள் நான் பார்த்ததில்லை.

அந்த மரியாதை எவ்வளவு கனமானது என்பதைச் சொல்கிறேன். இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி குறைந்துவிடுகிறது. எட்டு மணி நேர ஷிப்டில் உடம்பு எத்தனை முறை கேட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியோடு நிறுத்தினால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, வேலையில் கவனம் நிற்காமை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில்தான் அடங்கும். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஒரு வருடம் தாண்டுகிறார்கள். எங்கள் ஃபிட்டர் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டிருந்தார். தூக்கம் வராத உடம்போடு இருந்தவரை அப்போது ஃபுல் நைட்டுக்கு அனுப்பினார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. ஷிப்ட் சுழற்சியில் ஒருவருக்கும் சலுகை காட்டாத நேர்மை அது.

நாற்பத்தொரு வயது என்பதை இன்னொரு தடவை நினைக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் ஆண் டாக்டர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004ல் முடிவு சொன்னது: 40 வயதையொட்டி விட்டவருக்குச் சுமார் 9 ஆண்டு ஆயுள் மிஞ்சுகிறது; 50ல் விட்டால் 6, 60ல் விட்டால் 3. அந்த வயதில் அந்த மனிதர் தானாக முன்வந்து நின்றார். அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன கணக்கெடுப்பிலேயே புகைப்போரில் 55 சதவீதம் பேர் விட நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. கேன்டீன் வரிசையில் நிற்கிறார்கள்.

ஊக்கத்தொகையின் அருமையை எங்கள் நிர்வாகம் போல் அறிந்தவர்கள் குறைவு. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ். தீபாவளிக்கு முன்னால் ஊருக்குப் போகாமல் இருந்தால் தனித்தொகை. இது வேலை செய்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஊழியர்கள் 878 பேரை வைத்து இதையே சிகரெட்டுக்குச் செய்து பார்த்தார்கள். முடிவு 2009ல் வெளியானது. ஒரு பாதிக்குத் தகவல் மட்டும். மறு பாதிக்குத் தகவலோடு, பயிற்சியை முடித்தால் 100 டாலர், ஆறு மாதத்துக்குள் விட்டால் 250, விட்டதைத் தொடர்ந்து ஆறு மாதம் காத்தால் 400. வாய்வார்த்தையை ஏற்கவில்லை, எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தே கொடுத்தார்கள். ஒரு வருட அளவில் தகவல் மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். பணமும் பெற்றவர்களில் 14.7 சதவீதம், ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் ஆர்ட் பேப்பர் போஸ்டர் அந்த முதல் பாதியைச் சேர்ந்தது. பிறகு அதே கம்பெனி விஷயத்தைத் தலைகீழாக்கி, புகைப்பவர்களிடம் காப்பீட்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கப் போனது. அந்தப் பின்பாதியை மட்டும் யாரும் இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. சம்பளத்தில் கை வைத்தால் ஆள் ஒளிந்துதான் பிடிப்பார்.

எங்கள் மில்லிலும் ஒளிந்து பிடிக்கிறார்கள். கக்கூஸ் ஜன்னல் மேல் விளிம்பில் ஒரு தீக்குச்சியும், தீப்பெட்டியிலிருந்து கிழித்த உரசு பட்டையும் சொருகியிருந்ததை நானே எடுத்திருக்கிறேன். கேட்டில் எத்தனை தடவினாலும் இரண்டு அங்குலப் பட்டை தப்பிவிடும். ராத்திரி மூன்று மணிக்கு, கை நடுக்கத்தோடு, பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஒரு ஆள் அந்தப் பட்டையில் குச்சியை உரசுகிறார். லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய சென்சார் ப்ளோ ரூம் குழாயில் இருக்கிறது. அவர் கக்கூஸில் இருக்கிறார். மனிதர் மேல் அக்கறை வைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. பஞ்சின் மேல் இருக்கிற அக்கறையை ஒழுங்காகக் கடைசிவரை கொண்டுபோனாலே போதும், அது இந்த ஆளிடம் வந்து நிற்கும்.

பஞ்சுத் தூசியைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியாததில்லை. பிஸ்ஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயைச் சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறார்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சு இறுகும். வருடங்கள் போகப் போக அந்த இறுக்கம் எல்லா நாளுக்கும் பரவும். பீடியும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரண்டு பக்கமும் அடி. வருடா வருடம் மெடிக்கல் வண்டி வருகிறது. குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவு எடுக்கிறார்கள். டாக்டர் தலை நிமிராமல், “பீடியை விட்டுடுங்க” என்கிறார். அளவு பார்த்த தாள்கள் வருடவாரியாக, டிபார்ட்மென்ட் வாரியாக, தூசி படாமல் பீரோவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஆளின் மூச்சு வருடத்துக்கு வருடம் எவ்வளவு குறைந்தது என்று ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம். அவ்வளவு ஒழுங்கு. எடுத்துப் பார்த்தவர் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்பதால் ஆம்புலன்ஸ் அறை இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், வெல்ஃபேர் ஆபீசர் இருக்கிறார். அந்த அறையில் நிகோடின் சூயிங்கம் வாங்கி வையுங்கள் என்றேன். உலக சுகாதார நிறுவனம் 2009லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுப் பட்டியலிலும் 2022ல் வந்துவிட்டது. 2 மில்லிகிராம் கம் சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஆனால் கையில் கொடுத்து அனுப்பினால் பிரயோஜனமில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டும். சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெல்ல வேண்டும். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். கால் மணி நேரம் முன்னால் டீ, காபி குடித்திருக்கக் கூடாது; குடித்தால் மருந்து சரியாக ஏறாது. டீ பிரேக் முடிந்த கையோடு மென்றுவிட்டு, “இது வேலைக்காகலீங்க” என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இதை ஒரு நர்ஸ் பத்து நிமிஷத்தில் சொல்லித் தரலாம். அதோடு வாரம் ஒருமுறை, விட நினைக்கிறவர்களைச் சேர்த்து உட்காரவைத்து அரை மணி நேரம் பேச ஒரு ஆலோசகர். வேலையிடங்களில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் பலன் தருபவை என்று சொல்வது இவற்றைத்தான்: தனி ஆலோசனை, குழு ஆலோசனை, மருந்து.

கூட்டத்தில் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். எச்.ஆர். மேனேஜர், நல்ல யோசனை என்றார். கூட்டக் குறிப்பில் என் பெயரை இனிஷியலோடு பிழையில்லாமல் அடித்து, பக்கத்தில் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதினார்கள். அடுத்த பொருள், குடோனுக்கு இன்னொரு தீயணைப்புக் குழாய் லைன். பத்து நிமிஷத்தில் பணம் ஒதுக்கி, ஆர்டர் போட ஆளையும் சொல்லிவிட்டார்கள். முடிவெடுக்கத் தெரியாத நிர்வாகம் அல்ல என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

அந்த ஃபிட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன வாரம் போனில் பேசினார். மறுபடி விடப் போகிறேன் சார், இந்தத் தடவை தேதி குறித்திருக்கிறேன் என்றார். அடுத்த வாரம் ஃபுல் நைட்டாம். கம் வாங்கி வைப்பதற்கும் ஆலோசகரை அழைப்பதற்கும் நிர்வாகத்துக்கு நாளாகலாம். ஷிப்டுக்கு நாளாகாது. விடுகிற தேதியிலிருந்து நான்கு வாரம் அவரைப் பகல் ஷிப்டில் வையுங்கள்; வேறு ஒருவரோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கும் கோயில் நோன்பிக்கும் டைம் ஆபீஸ் தினமும் செய்கிற மாற்றல்தான் இது. ஒரு தாளில் இரண்டு பெயரை மாற்றி எழுதினால் முடிந்தது. திங்கட்கிழமை ஷிப்ட் லிஸ்ட் ஒட்டுவதற்குள் செய்துவிடலாம்.